பவளக் கடல், கீழமாசி வீதி

அழகர் மலையேறி நாலைந்து நாள் இருக்கும்.
மதிய ரயிலில் வந்த பத்திரிகையை
நான்தான் பிரித்தேன்.
எதிரிக் கப்பல்கள் திரும்பிவிட்டன.
மோர்ஸ்பி என்றொரு துறைமுகம்,
அதைப் பிடிக்கப் படை ஏற்றி வந்தவை
பாதி வழியில்
கரை காணாமலே.

சித்திரையில் நமக்கு இது புதிதா?
கல்யாணத்துக்கென்று புறப்பட்டு வந்தவர்
ஆற்றோடு சேதி கேட்டு
வண்டியூர்ப் பக்கம் திரும்பவில்லையா?
சொல்லிப் பார்த்தேன்.
முதலாளி வன்னியபெருமாள் சிரிக்கவில்லை.

கிட்டங்கியில் முந்நூற்றுப் பதினோரு மூட்டை.
ரங்கூன் விழுந்த வாரம் வாங்கிப் போட்டது.
ராமேஸ்வரத்தில் ஜப்பான்காரன் இறங்குவான்
இறங்குவான் என்ற பேச்சிலேயே
மூட்டைக்கு ரெண்டேகால் ரூபாய் ஏறியிருந்தது.

"பொழுது சாயட்டும்" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
பத்திரிகையை நாலாக மடித்து
பலகைக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.
ஒரு கடற்போரின் மேல் உட்கார்ந்து
விளக்கு வைக்கும்வரை பட்டியல் போட்டேன்.
திருமங்கலத்துக்கு இருபது.
மேலூருக்குப் பதினேழு.
கல்லுப்பட்டிக்காரர் பேரம்கூடப் பேசவில்லை,
வண்டி மாட்டைத்தான் அவசரப்படுத்தினார்.

சிந்திய அரிசியைக் கூட்டிப் புடைத்து
மூட்டை வாய் தைப்பவள் சிலம்பாயி.
செக்கானூரணிப் பக்கம்.
புருஷன் கருத்தமாயன், சிப்பாய்.
சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து
மணியார்டர் இல்லை, காகிதம் இல்லை.
சர்க்கார் எழுதிய ஒரே கடிதத்தை
நான்தான் வாசித்துச் சொன்னேன்:
காணவில்லை.
"காணாமப் போறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா?"
என்றாள் அப்போது.

அன்றும் கேட்டாள், தினமும் கேட்பதுபோல.
"பேப்பர்ல என்னய்யா போட்டிருக்கு?"
"ஒண்ணுமில்ல."
"ஒண்ணுமில்லாததுக்கு மேலயா
இப்படி அடகாக்குறீக?"

ராத்திரி கடை சாத்தும்போது
முதலாளி என் கையில் ஐந்து ரூபாய் வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது.
டவுன்ஹால் ரோட்டில் யாரோ
வெற்றி வெற்றி என்று மிட்டாய் கொடுத்தார்களாம்.
சிலம்பாயி ஒன்றைத் தின்னாமல்
கையில் பிசுபிசுக்க வைத்துக்கொண்டு வந்தாள்.
"முங்குன கப்பல்ல எத்தன பேரு?"
பத்திரிகையில்
கப்பல்களுக்கு மட்டும்தான் எண்ணிக்கை இருந்தது.
"நம்ம ஆளுகளப் பிடிச்சு வச்சிருக்கான்ல.
கரி அள்ள, மூட தூக்க
ஏத்தியிருப்பானா?"
தெரியாது என்றேன்.
இந்த முறை அது உண்மை.
"தப்பிச்சுத் திரும்புன கப்பலு
எந்தக் கரைக்குத் திரும்பும்?"

செய்தியோடு ஒரு படம் போட்டிருந்தான்.
உள்ளங்கை அகலம், முக்கால்வாசியும் கடல்,
அதுவும் மசி அப்பிய கறுப்பு.
விரல் வைத்துக் காட்டினேன்.
"நாம எங்க இருக்கோம்?"
படத்தில் மதுரை இல்லை.
இந்தியாவே இல்லை, இடப்பக்கம் அதற்குள் காகிதம் முடிந்துவிட்டது.
பலகையில் இறங்கி,
மைக்கூட்டைத் தாண்டி,
பேரேட்டின் மேலட்டையில் விரலை வைத்தேன்.
"இங்க."
உத்தேசம்தான்.

இடுப்பிலிருந்த கோணி நூலை உருவி
அங்கிருந்து இங்கே இழுத்துப் பிடித்தாள்.
மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
பல்லால் கடித்து அறுத்தாள்.
முந்தானையில் முடிந்துகொள்வாள் என்று பார்த்தேன்.

ஊசியில் கோத்து
அடுத்த மூட்டையைத் தைக்க உட்கார்ந்தாள்.
வாயில் பாதிதான் மூடியது.
"பத்தல" என்றாள் என்னைப் பார்க்காமல்,
நூல்கண்டைக் காட்டி.
எடுத்துக் கொடுத்தேன்.

விலை அன்றைக்கு ஒன்றரை ரூபாய் இறங்கியது.
ஆனியில் மறுபடி ஏறியது.
பேரேட்டில் இருக்கிறது.